தூங்குகிற பிள்ளையை எழுப்பாதீர்கள்

மைனா! அடி என் மைனாக்குட்டி! முதலில் உன்னைத்தான் கூப்பிடுவேன். மேடை ஏறினால் தலைவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டுமாம், கீழே நிற்கும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். இருக்கட்டும். பத்து மாதமாக நான் வாயைத் திறந்தால் முதலில் வருவது உன் பெயர்தான். இன்றைக்கு மட்டும் அந்த வரிசையை எப்படி மாற்றுவேன்?

இனி முறைப்படி வருகிறேன்.

இந்த அவையின் நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர், மருத்துவமனையின் இயக்குநர், டாக்டர் பகலவன் ஐயா அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! இடப்பக்கம் அமர்ந்திருக்கும் அலுவலகப் பெருமக்களே! என் மகள் வேலை பார்த்த இரண்டாம் மாடி வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் ஞானம்மா அவர்களே! படப்பையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளை வெள்ளைச் சட்டை போட வேண்டும் என்று தங்கள் சேலையில் கிழிசல் தைத்துக் கட்டிய தாய்மார்களே! இந்தக் கல்யாண மண்டபத்தில் நூறு நாற்காலி காலியாகக் கிடக்க, பின்சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டிருக்கும் என் செவிலியர் மகள்களே! உங்கள் எல்லோருக்கும், ஏலவார்குழலியைப் பெற்ற சந்திரம்மாளின் வணக்கம்.

ஏன் கண்ணுகளா நிற்கிறீர்கள்? உட்காருங்கள். இன்று செவிலியர் தினம். நாற்காலி உங்களுக்காகத்தான் போட்டிருக்கிறது.

பார்த்தீர்களா, பெரியோர்களே? நான் உட்காரச் சொன்னதும் அத்தனை பேரும் இன்சார்ஜ் சிஸ்டரின் முகத்தைப் பார்க்கிறார்கள். சிஸ்டர் இயக்குநர் ஐயாவின் முகத்தைப் பார்க்கிறார். ஐயா கைப்பேசியைப் பார்க்கிறார். நான் பேச வந்த சங்கதி முழுவதும் இந்த ஒரு பார்வையிலேயே முடிந்துவிட்டது. நன்றி வணக்கம் என்று சொல்லி இப்போதே இறங்கிவிடலாம். ஆனால் இறங்க மாட்டேன். இந்த மேடைக்கு வர நான் கொடுத்த விலை பெரிது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இருங்காட்டுக்கோட்டையில், காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் பத்தொன்பது வருஷமாக வெங்காயம் உரிக்கிறேன். மேடைத் தமிழ் உனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் எந்தக் கொடி ஏறினாலும், எந்தக் கூட்டம் நடந்தாலும், முன்வரிசை மணலில் உட்கார்ந்து கடைசிப் பேச்சாளர் வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். கேட்டுக் கேட்டு வந்த தமிழ் இது. எழுதச் சொன்னால் பிழை வரும். பேசச் சொன்னால் வராது.

சற்று முன்னால் இங்கே அறிவித்தார்கள். ‘ஏலவார்குழலி நினைவு விருது’. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத செவிலியருக்கு, வருஷந்தோறும், என் மகள் பெயரால், என் மகள் படம் பதித்த கேடயம். முதல் விருது மதிவதனி என்கிற இந்தப் பிள்ளைக்கு. அதை என் கையால் கொடுக்க வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். கேடயம் அதோ, பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறது. பிள்ளை இதோ, என் பக்கத்தில் நிற்கிறது.

நான் அதைக் கொடுக்கலாமா, கூடாதா? என் மகளின் பெயரை இவர்களிடம் விட்டுவிட்டுப் போகலாமா, கூடாதா? எனக்கு அவள் விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றுதான். சொல்வதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் நெஞ்சையே கேளுங்கள்.

காஞ்சிபுரத்து அம்மன் பெயரை அவளுக்கு வைத்தவர் அவள் அப்பா. மைனா என்பது நான் வைத்தது. ஒன்றரை வயதில் தொடங்கிய பேச்சு நிற்கவே இல்லை. சாப்பிடும்போது பேசுவாள், குளிக்கும்போது பேசுவாள், தூக்கத்தில் பேசுவாள். அவள் அப்பா கண்ணை மூடிய பிறகு எங்கள் வீட்டில் சத்தம் என்றால் அது அவள்தான். செவிலியர் படிப்பு படித்த காலத்தில், எலும்புகளின் பெயர்களை எனக்கு ஒப்பிப்பாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலையாட்டுவேன். இருநூற்றாறு எலும்பு என்பாள். “உன் நாக்குல எத்தினிடீ?” என்பேன். “அதுல எலும்பே இல்லம்மா, அதான் இப்டி ஆடுது” என்பாள்.

அந்த நாக்கு எப்படி அடங்கியது? அந்தச் சிரிப்பு எங்கே ஒடுங்கியது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுதபூஜை அன்று, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்த பிறகு, வருஷம் முழுவதும் லீவு போடாதவர்களை மேடைக்கு அழைத்துப் பாத்திரம் கொடுப்பார்கள். என்னிடம் ஒரு குடம் இருக்கிறது, ஓர் இட்லிக் குண்டான் இருக்கிறது, இரண்டு தூக்கு, ஒரு டிபன் கேரியர், ஒரு தாம்பாளம். ஆறு வருஷம் தொடர்ந்து வாங்கினேன். எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டியிருக்கும். படிக்காதவளுக்கு அதுதானே பட்டம்? காய்ச்சலோடு போனேன். கை வெந்து கட்டுப்போட்டுக்கொண்டு போனேன். என் புருஷனுக்குப் பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் போனேன். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தத் தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றிச் சொன்னேன்: “இன்னா ஆனாலும் லீவு மட்டும் போடாத மைனா. நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்கு அதான் பேரு.”

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னது இந்த மருத்துவமனை இல்லை. நான்.

வேலைக்குப் போன இரண்டாம் மாதம். அவள் பையைத் திறந்து பார்த்தேன். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே நிறைந்து கிடந்தது.

“இன்னாடி, ரொப்பிக் குடுத்த தண்ணி அப்டியே கீது?”

“குடிச்சா போவணும்மா.”

“போயேன். யாரு வேணான்னது?”

“யாராண்ட வுட்டுட்டுப் போறது? பதினாலு பேஷண்ட்டு, நான் ஒருத்தி. எங்க பாத்ரூம் கீழ்மாடில கீது. நான் எறங்கி ஏறத்துக்குள்ள யாருக்கு டிரிப்ஸ் தீந்துபோச்சோ, யாரு கட்டில்லேர்ந்து வுழுந்தாங்களோ.”

கேட்டீர்களா தாய்மார்களே! சென்னைப் பட்டணத்துக்கே தண்ணீர் கொடுக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பிறந்த பிள்ளை. அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க வழியில்லை. கட்டிலில் படுத்திருக்கும் பதினான்கு பேரிடமும் “தண்ணி நெறைய குடிங்க சார், தண்ணி நெறைய குடிங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே போவாள். சொன்னவளுக்கு நா வறளும். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்தது. இரண்டு முறையும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். வார்டில் இருந்த ஒரே நாற்காலியையும், உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்காது என்று எடுத்துவிட்டார்கள். அவள் நிற்கிறாளா என்று பார்க்க ஒரு கேமரா வைத்தார்கள். அவள் விழுகிறாளா என்று பார்க்கத்தான் ஒன்றும் வைக்கவில்லை.

சிரிக்கிறார்கள் பின்னால். சிரியுங்கள் கண்ணுகளா. இந்தச் சிரிப்புக்குப் பயிற்சி தேவைப்படவில்லை பாருங்கள். இவர்களுக்குச் சிரிப்புக்கு வகுப்பு எடுத்தார்கள், தெரியுமா பெரியோர்களே? நோயாளியிடம் எத்தனை பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க வகுப்பு. அதுவும் அவர்களுடைய ஓய்வு நாளில். சட்டையில் குத்திக்கொள்ள மஞ்சள் நிறத்தில் ஒரு சிரிக்கிற முகம் கொடுத்தார்கள். என் மகளுடையது இன்னும் என்னிடம் இருக்கிறது. அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு நாள் கன்னம் கன்றி வந்தாள்.

“இன்னாடி கன்னத்துல?”

“கொசும்மா.”

ஐந்து விரல் உள்ள கொசுவை நான் பார்த்ததில்லை ஐயா. மடியில் படுக்கவைத்து எண்ணெய் தடவிக் கேட்ட பிறகு சொன்னாள். ஒரு நோயாளியின் அண்ணன். டிரிப்ஸ் மாற்ற நான்கு நிமிடம் தாமதம். அந்த நான்கு நிமிடமும் அவள் எங்கே இருந்தாள்? அடுத்த கட்டிலில் வாந்தி எடுத்த கிழவரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அறைந்தவன் போய்விட்டான். அலுவலகத்தில் இவளைக் கூப்பிட்டு, அவர் நமக்கு வேண்டியவர், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்றார்கள். கேட்டிருக்கிறாள். கைகட்டி நின்று, மஞ்சள் முகத்தைக் குத்திக்கொண்டு, கேட்டிருக்கிறாள்.

“வேலைய வுட்டுட்டு வாடி” என்றேன். ஒரே ஒரு முறை சொன்னேன்.

“ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் ஆபீஸ் பீரோல பூட்டி வெச்சினு கீறாங்கம்மா. ரெண்டு வருஷம் முடியாத தர மாட்டாங்க.”

பிறகு நானும் சொல்லவில்லை. அவளும் பேசவில்லை. மைனா பேச்சை நிறுத்தியது அந்த மாதம்தான். வருவாள், காலை வாளித் தண்ணீரில் வைப்பாள், சுவரைப் பார்ப்பாள், படுப்பாள். நானோ, பெண் பெரிய மனுஷி ஆகிவிட்டாள், அடக்கம் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சற்று முன்னால் இந்த மேடையில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் சொன்னார்கள்: செவிலியர்கள் தேவதைகள், வெள்ளை உடுத்திய தேவதைகள். கைதட்டினீர்கள். நான் கைதட்டவில்லை. ஏன் தேவதை என்கிறீர்கள்? தேவதைக்குப் பசிக்காது. தேவதைக்குத் தாகம் எடுக்காது. தேவதைக்கு மாதவிலக்கு வராது. தேவதைக்குக் கால் வீங்காது, கண் சொக்காது, கன்னம் கன்றாது. தேவதைக்கு நாற்காலி வேண்டாம், கழிவறை வேண்டாம், விடுப்பு வேண்டாம், மாற்று ஆள் வேண்டாம். ஒரு பெண்ணைத் தேவதை என்று சொல்லிவிட்டால் அவளுக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை, கும்பிட்டால் போதும்! என் மகள் தேவதை இல்லை ஐயா. அவள் ஒரு மனுஷி. நெத்திலிக் கருவாடு பிடிக்கும். தூக்கம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை கவிழ்ந்து படுத்துத் தூங்குவது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

தூக்கத்துக்கு வந்துவிட்டேன். இனிமேல்தான் நான் பயப்படுகிற இடம். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்... இல்லை, வேண்டாம். பிறகு குடிக்கிறேன்.

போன ஜூலை மாதம். காலை எட்டு மணிக்கு டியூட்டிக்குப் போனவள். பன்னிரண்டு மணி நேரம் முடிந்து கிளம்ப வேண்டும். மாற்ற வேண்டியவள் வரவில்லை. வார்டை யாரிடமாவது ஒப்படைக்காமல் செவிலியர் வெளியே வர முடியாது, அது அவர்கள் தொழில் தர்மம். ஒப்படைக்க ஆள் இல்லை. இன்னொரு பன்னிரண்டு மணி நேரம் நின்றாள். மறுநாள் காலை ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தாள். வெள்ளை ஷூவைக் கழற்றவில்லை. சோறு போட்டேன், வேண்டாம் என்று கை காட்டினாள். கைப்பேசியை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்தாள். விழுந்தாள். மரம் விழுந்த மாதிரி விழுந்தாள். ஷூவை நான்தான் கழற்றினேன். காலுறையின் தடம் சதையில் வளையல் மாதிரி பதிந்து கிடந்தது.

எனக்கு அன்று செகண்ட் ஷிப்ட். வீட்டில் இருந்தேன். பன்னிரண்டு மணி ஆகவில்லை, என் போன் அடித்தது.

“சந்திரம்மாக்கா, நான் ஞானம்மா சிஸ்டர் பேசுறேன். கொழலி கீறாளா? போன் ஆஃப்ல கீது.”

“தூங்குது சிஸ்டர். இப்பதான் படுத்துது.”

“தெரியும்க்கா, காலைல நான்தானே அனுப்பிச்சேன். ரெண்டு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வராங்க. வார்டு வார்டா வந்து நர்ஸை எண்ணுவாங்களாம். ஒரு மணி நேரம் வந்து நின்னுட்டுப் போவட்டும்க்கா. மேலேர்ந்து கத்துறாங்க.”

ஐயா, என் மகளை அழைத்தது நோயாளிக்கு ஊசி போட இல்லை. உயிருக்குப் போராடியவரைக் காப்பாற்ற இல்லை. எண்ணிக்கைக்கு! தலையை எண்ணிப் பார்க்க வருகிறார்கள், ஒரு தலை குறைகிறது, அதற்கு!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? முடியாது சிஸ்டர் என்றேனா? பிள்ளை இருபத்துநான்கு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறது, உங்களுக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா என்று கேட்டேனா? நான் சொன்னது இது: “அனுப்பி வெக்கிறேன் சிஸ்டர். எம் பொண்ணு வேலைக்கு இல்லேன்னு சொன்னதே இல்ல.”

பெருமையாகச் சொன்னேன். பாத்திரம் வாங்குகிற குரலில் சொன்னேன்.

எழுப்பினேன். எழவில்லை. உலுக்கினேன். “பத்து நிமிஷம்மா” என்றாள். பத்து நிமிடம் கொடுக்கவில்லை. குடத்திலிருந்து தண்ணீர் எடுத்து முகத்தில் தெளித்தேன். பரிசு வாங்கிய அதே குடம். உட்காரவைத்துத் தலை பின்னினேன். பின்னும்போதே தலை சாய்ந்து என் முழங்காலில் தூங்கியது. ஜடையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினேன். மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் இழுத்தேன். இந்தக் கை. தாய்மார்களே, இந்தக் கைதான்.

வாசலில் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல இப்போது தெம்பில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

படப்பையைத் தாண்டி, ஒரகடம் போகிற பெரிய சாலையில், ஓரமாக ஒரு கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் சுடலைக்கண்ணு, தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். காரியத்தன்று மாலையோடு வந்து உள்ளே வரப் பயந்து தெருவிலேயே நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன். அழுதுகொண்டே சொன்னார்: “எம்மா, நான் வண்டிய ஓரங்கட்டிட்டு டயரத் தட்டிப் பாத்துக்கிட்டு நின்னேன். பிள்ள நேரா வந்துச்சு. ஹாரன் அடிக்கல, பிரேக் பிடிக்கல. கண்ணு மூடியிருந்துச்சும்மா. தூங்குத பிள்ள மாதிரியே வந்துச்சு.”

அந்த மனிதர்மேல் குற்றமில்லை. தூங்குகிற பிள்ளையைச் சாலைக்கு அனுப்பியவர்கள்மேல்தான் குற்றம்.

யாரோ ‘அநியாயம்’ என்கிறீர்கள். பொறுங்கள், இன்னும் இருக்கிறது. அவளோடு வேலை பார்த்த இசைவாணி, அதோ தூணோரம் நிற்கிறாளே, அந்தப் பிள்ளை பதினாறாம் நாள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுச் சொன்னாள். இரண்டு மணிக்கு எண்ண வந்தார்கள். ஏலவார்குழலி என்று பெயர் படித்தார்கள். வருகைப் பதிவேட்டில் வந்ததாகக் கையெழுத்துக்கூடப் போட்டிருந்தது. ஆள் எங்கே என்று கேட்டார்கள். “கேன்டீனுக்குப் போயிருக்கிறார்” என்று சொன்னார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. தரச்சான்றிதழ் வந்தது. உங்கள் வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அதுதான். பெயர் படித்த அந்த நேரத்தில் என் மகள் எங்கே இருந்தாள்? நெடுஞ்சாலையில், சுடலைக்கண்ணு எடுத்துப் போர்த்திய தார்ப்பாய்க்கு அடியில் இருந்தாள்.

அதனால்தான் ஐயா, பதிவேட்டின்படி, அவள் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. செத்த அன்றைக்கும் வேலைக்கு வந்திருக்கிறாள்!

விழாவைத் தொகுத்து வழங்கும் பிரசாந்த் தம்பி, அந்தச் சீட்டை என்னிடம் நீட்டாதீர்கள். ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்றுதானே எழுதியிருக்கிறது? என் மகளைச் சுருக்கியது போதும்.

ஞானம்மா சிஸ்டர், அழாதீர்கள். நான் உங்களைச் சபிக்க வரவில்லை. உங்களுக்கு இருபது வருஷச் சர்க்கரை, இடது காலில் ஆறாத புண், அந்தக் காலோடு நீங்களும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறீர்கள் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். நீங்கள் கத்தவில்லை, உங்களுக்கு மேலே கத்தினார்கள். அவர்களைக் கேட்டால், தங்களுக்கும் மேலே கத்தினார்கள் என்பார்கள். இப்படியே மேலே மேலே ஏறிப் போனால் கடைசியில் மொட்டைமாடிதான் வருகிறது. அங்கே பார்த்தால் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. பழி சொல்ல ஆளே கிடைக்கவில்லை, என்னைத் தவிர!

எங்கள் கம்பெனியில் ஒரு பிரஸ் மெஷின் இருக்கிறது. சூடு ஏறினால் சிவப்பு விளக்கு எரியும். லைன் நிற்கும். நாலு பேர் ஓடி வருவார்கள், எண்ணெய் விடுவார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், ஆறட்டும் என்று காத்திருப்பார்கள். இரும்புக்கு அந்த மரியாதை இருக்கிறது. என் மகளுக்கு எங்கே ஐயா அந்தச் சிவப்பு விளக்கு? நிறைந்து திரும்பிய பாட்டில் சிவப்பு விளக்கு இல்லையா? நின்றுபோன பேச்சு சிவப்பு விளக்கு இல்லையா? நீங்கள் பார்க்கவில்லை. பக்கத்தில் படுத்த நானும் பார்க்கவில்லை.

இனி விருதுக்கு வருகிறேன்.

மதிவதனி, இப்படி வா கண்ணு. ஒரே ஒரு கேள்வி. காலையிலிருந்து தண்ணீர் குடித்தாயா?

இன்சார்ஜைப் பார்க்காதே. என்னைப் பார்த்துச் சொல்.

இல்லை என்கிறாள். மணி பன்னிரண்டரை. கேட்டுக்கொள்ளுங்கள் தாய்மார்களே. இந்தா, எனக்கு வைத்த தண்ணீர். குடி. வெட்கப்படாதே, இத்தனை பேர் முன்னால் குடி. இன்னும் குடி. ...பாருங்கள், ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். இதுதான் நான் இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிற விருது. அந்தக் கேடயத்தை நான் கொடுக்க மாட்டேன்.

இயக்குநர் ஐயா அவர்களே! விடுப்பு எடுக்காதவளுக்கு என் மகள் பெயரால் விருது கூடாது. பட்டுத்துணியை எடுத்துவிட்டேன். இதோ அவள் படத்தைக் கழற்றிக்கொள்கிறேன். மரப்பலகை உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள். படம் என்னுடையது.

அவள் பெயரை எதற்காவது வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டாம் மாடியில் செவிலியர்களுக்கு ஒரு கழிவறை கட்டுங்கள். அதற்கு வையுங்கள்.

சிரிக்காதீர்கள். நான் கேலிக்குச் சொல்லவில்லை. கதவில் பெரிய எழுத்தில் ஏலவார்குழலி என்று எழுதுங்கள். அம்மன் பெயர் ஆயிற்றே என்று தயங்காதீர்கள், அம்மன் கோபிக்க மாட்டாள், அவளும் பெண்தான். எடுத்த நாற்காலியைத் திரும்பப் போடுங்கள், அதன் முதுகில் எழுதுங்கள். டியூட்டி முடித்து வீட்டுக்குப் போனவளை யாரும் போன் போட்டு அழைக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், அந்தத் தாளுக்கு அவள் பெயரை வையுங்கள். அன்றைக்கு நானே வந்து இந்தப் படத்தைத் திருப்பிக் கொடுப்பேன். செய்வீர்களா, ஐயா?

தலையசைக்கிறீர்கள். என் மகளும் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். எனக்கு அசைவு வேண்டாம், எழுத்து வேண்டும். அதுவரை படம் என் மடியில் இருக்கும்.

மூன்றாம் வரிசையில் பச்சைப் பட்டு உடுத்தி உட்கார்ந்திருப்பது மதிவதனியின் அம்மாதானே? பெயர் செல்லம்மாள் என்று சொன்னார்கள். அம்மா, மேடையில் உங்கள் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். ஆனால் உங்களிடம்தான் பேச வந்தேன். இவர்களிடம் இல்லை. இவர்கள் கேட்பார்கள், கேட்காமல் போவார்கள். நீங்கள் கேட்பீர்கள்.

உங்கள் வீட்டிலும் அந்த போன் அடிக்கும். அடித்தால் எடுக்காதீர்கள்! எடுத்துவிட்டால், இல்லை என்று சொல்லுங்கள்! என் மகள் வேலைக்கு இல்லையென்று சொன்னதே இல்லை என்று என்னைப்போலப் பெருமை பேசாதீர்கள். இல்லை என்று சொல்லுங்கள். பேர் கெடும் என்பார்கள், கெடட்டும். பேரைப் பிறகு சம்பாதிக்கலாம். வேலை போகும் என்பார்கள், போகட்டும். வேலை இன்னொன்று கிடைக்கும். ஆனால் எழுப்பாதீர்கள்! அடுக்களையில் தோசை ஆறினாலும் எழுப்பாதீர்கள். விருந்தாளி வந்தாலும் எழுப்பாதீர்கள். அமைச்சரே வந்து வாசலில் நின்றாலும், ஐயா, என் பிள்ளை தூங்குகிறாள், நீங்கள் காத்திருங்கள் என்று சொல்லுங்கள். நின்று நின்று களைத்த பிள்ளை! ஊர்ப் பிள்ளைகளின் உயிரைக் காத்துவிட்டு வந்த பிள்ளை! தாய்மார்களே, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், தூங்குகிற பிள்ளையை எழுப்பாதீர்கள்! எழுப்பாதீர்கள்! எழுப்பாதீர்கள்!

...உட்கார்ந்துவிட்டார்களா? பின்வரிசையில் என் மகள்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இசைவாணி முதலில் உட்கார்ந்தாள், பார்த்தேன். போதும். எனக்கு இது போதும்.

ஐந்து நிமிடம் கேட்டு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். கோபப்படாமல் பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. மைக்கை அணைக்காமல் விட்ட ஒலிபெருக்கிக்காரருக்கு அதைவிடப் பெரிய நன்றி. அழுத பெரியோர்களுக்கும், இன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் பையைத் திறந்து பாட்டிலைப் பார்க்கப் போகிற தாய்மார்களுக்கும், உட்கார்ந்த என் மகள்களுக்கும் கைகூப்பி வணக்கம் சொல்லி விடைபெறுகிறேன்.

வாசலில் நடந்ததைச் சொல்லவில்லை இல்லையா? அதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அவளிடமே கேட்டுவிட்டு இறங்குகிறேன்.

மைனா, ஸ்கூட்டியில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டினாய். கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்து, “அம்மா, ஒண்ணு சொல்லணும்” என்றாய். எத்தனையோ மாதம் கழித்து நீயாக வாயைத் திறந்தாய். நான், “நேரமாச்சு, வந்து சொல்லுடீ, போ” என்று கையை ஆட்டினேன். சரிம்மா என்று போய்விட்டாய். பத்து மாதமாக வாசலிலேயே நிற்கிறேன். இன்று எனக்கு நேரம் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது.

அன்னிக்கு இன்னா சொல்ல வந்தே கண்ணு?